பின்வரிசைக் காவலர்

உதைபந்தாட்டத்திலே கோல் அடித்தவரை உலகம் கொண்டாடும். கோலைத் தடுப்பவரையோ, அவர் தவறும் வேளையிலேதான் நினைக்கும். பின்வரிசை ஆட்டக்காரருக்கு வாய்த்த விதி அது.

பிரான்சு நாட்டு வீரர் லிலியான் துராம் 1972இல் கரிபியக் கடலிலுள்ள குவாதலூப்பிற் பிறந்தவர்; ஒன்பதாம் வயதிற் பாரிசுப் பகுதிக்கு வந்தவர். மொனாக்கோ கழகத்தில் ஆடத் தொடங்கி, 1996இல் இத்தாலியின் பார்மாவுக்கும், 2001இல் யுவென்டசுக்கும், 2006இல் ஸ்பெயினின் பார்சலோனாவுக்கும் சென்றார்.

1998ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியிலே, துராம் முன்னேறத் தாமதித்தமையால், குரோசியாவின் சூக்கர் ஓவ்சைட் ஆகாது கோல் அடித்தார். மறு நிமிடமே துராம் எதிரியிடமிருந்து பந்தைப் பறித்தார். தாமே கோலடித்துச் சமன் செய்தார். பின்னர் இன்னொன்றும் அடித்தார். பிரான்சு 2-1 என வென்றது. இறுதியிற் கிண்ணத்தையும் பெற்றது. தம் நாட்டுக்காக ஆடிய 142 ஆட்டங்களிலும் அவர் அடித்த கோல்கள் அவ்விரண்டே.

2008இல் மருத்துவச் சோதனையில் இதயக் குறை தெரியவரவே, களத்தினின்றும் விலகினார். அவ்வாண்டே நிறவெறியை ஒழிக்கும் கல்விக்கென அறநிலையம் ஒன்றை நிறுவினார்.

தவறு யாவர்க்கும் நேரும். நேர்ந்த மறுகணமே பந்தைத் தேடிச் சென்ற அக்கால்களை நாமும் நினைவிற் கொள்வோமாக.