டேப்பைத் திறந்தும் தண்ணி வரலைன்னு எழுதின கதை

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அசைன்மென்ட்டை நாளைக்குக் காலைல சப்மிட் பண்ண வேண்டியவங்களுக்குத்தான் இன்னைக்கு எபிசோடு. நோட்டை எடுத்து வச்சுக்கிட்டே கேளுங்க.

முதல்ல என் கதை. செகண்ட் இயர்ல எனக்கு இந்தப் பேப்பர்ல அரியர். கேள்வி சின்னதுதான். மேல திறந்திருக்கிற ஒரு பெரிய டேங்க். தண்ணி மட்டத்திலிருந்து 5 மீட்டர் கீழ, பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை. உராய்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தண்ணி என்ன வேகத்துல வெளிய வரும்?

கேள்வியை முழுசாப் படிக்கிறதுக்கு முன்னாடியே பெர்னூலி சமன்பாட்டை எழுதிட்டேன். ஓட்டைக்கு மேல 5 மீட்டர் தண்ணி நிக்குதே, அதனால அங்க அழுத்தம் ரோ ஜி ஹெச்னு போட்டேன். உயரத்துக்கும் தனியா ஒரு ரோ ஜி ஹெச். ரெண்டும் கேன்சல் ஆயிடுச்சு. வேகம் பூஜ்யம்! அதாவது ஓட்டை இருக்கு, ஆனா தண்ணி வராது. அதுக்கு ரெண்டு தடவை அடிக்கோடு வேற போட்டுட்டு வந்தேன்.

ஃபார்முலா சரி. நான் புள்ளியை யோசிக்காம விட்டதுதான் தப்பு. பெர்னூலி சமன்பாடு ரெண்டு புள்ளிகளை ஒப்பிடுது. அதனால முதல் வேலை, படம் வரைஞ்சு அந்த ரெண்டு புள்ளிகளைக் குறிக்கிறது. நமக்கு அதிகம் தெரிஞ்ச இடமாப் பார்த்து ஒண்ணு, கேள்வி கேட்கிற இடத்துல இன்னொண்ணு.

இங்க முதல் புள்ளி டேங்க்ல தண்ணியோட மேல்மட்டம். காத்து படுற இடம், அதனால வளிமண்டல அழுத்தம். ரெண்டாவது, ஓட்டையை விட்டு வெளிய வந்த தண்ணித் தாரை. அதைச் சுத்தியும் காத்துதான், அதனால அங்கயும் அதே வளிமண்டல அழுத்தம். ரெண்டு பக்கமும் அழுத்தம் அடிபட்டுப் போகும்.

மேல்மட்டத்தோட வேகத்தை ஏன் விட்டுடறோம்? டேங்க் விட்டம் 1 மீட்டர், ஓட்டை 2 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். பரப்பளவு 2500 மடங்கு வித்தியாசம். ஓட்டைல தண்ணி எவ்வளவு வேகமா போனாலும், மேல்மட்டம் அதுல 2500-ல ஒரு பங்கு வேகத்துலதான் இறங்கும். மிச்சம் இருக்கிறது வி ஈக்குவல் டு ரூட் 2 ஜி ஹெச். விநாடிக்குச் சுமார் 9.9 மீட்டர்.

இந்த விதியை டாரிசெல்லி 1644-லயே அச்சுல போட்டுட்டார். பெர்னூலியோட புத்தகம் வந்தது 1738-ல. ஒரு கல்லை 5 மீட்டர் உயரத்துலருந்து கீழ போட்டாலும், காத்துத் தடை இல்லைன்னா, இதே வேகம்தான் வரும்.

இப்போ என் பூஜ்யத்துக்கு வருவோம். ஓட்டையை விரலால அடைச்சுப் பாருங்க. விரல்ல அழுத்தம் தெரியும், அதுதான் ரோ ஜி ஹெச். வேகம் பூஜ்யம். ஆக, நான் எழுதின பதில் மூடியிருக்கிற ஓட்டைக்குச் சரி! விரலை எடுத்தா அந்த அழுத்தம்தான் வேகமா மாறுது. ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல போட முடியாது.

கடைசியா ஒரு செக். 9.9-ங்கிறது மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். நம்ம வீட்டு மாடி டேங்க்லருந்து பாத்ரூம் டேப்புக்கு இந்த வேகத்துலயா தண்ணி வருது? இல்ல. பைப், எல்போ, வால்வு எல்லாத்துலயும் உராய்வுல ஆற்றல் போயிடுது. 'உராய்வை விட்டுவிடுக'ன்னு கேள்வில இருக்கிற அந்த ஒரு வரி சும்மா போட்டதில்ல.

அதனால இன்னைக்கு ராத்திரி முதல் கணக்கை எடுத்ததும் ஃபார்முலாவைத் தேடாதீங்க. படம், ரெண்டு புள்ளி, ஒவ்வொண்ணுலயும் அழுத்தம், வேகம், உயரம். தெரிஞ்சதை எழுதுங்க. பதில் வந்ததும், 'தண்ணி நிஜமா இப்படிப் போகுமா?'ன்னு கேளுங்க. நான் அன்னைக்கு அதைக் கேட்டிருந்தா, அந்தப் பேப்பரை ரெண்டாவது தடவை எழுதியிருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் பைப் உராய்வு. பார்க்கலாம்.