லேப்டாப் சுட்டால் உடனே புதிது வாங்க வேண்டுமா?

(கல்வி உதவி மனுக்கள் தொடர்பான பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு வந்த மனுக்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. “விண்டோஸ் 11க்கு மாற்றினோம். அன்றிலிருந்து லேப்டாப் கொதிக்கிறது, ஃபேன் நிற்காமல் இரைகிறது. புதிது வாங்க உதவுங்கள்.” நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாம் என்று நினைக்கும் தாய்மார்களும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதனால்தான் பல வீடுகளில் இந்த மாற்றம் நடந்தது. மாற்றியது தவறல்ல. மாற்றிய பின் வரும் சூடு பெரும்பாலும் பழுதும் அல்ல. வீடு மாறினால் முதல் ஓரிரு நாள் சாமான் அடுக்குவதிலேயே போகும் அல்லவா? கணினியும் அப்படித்தான். எல்லா ஃபைல்களுக்கும் புதிதாக அட்டவணை போடும், வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும், மீதி அப்டேட்டுகளை இறக்கும். பிராசசர் ஓயாமல் உழைக்கும்போது சூடாகும். ஆகவே சார்ஜரில் போட்டு, மேசைமேல் வைத்து, சில மணி நேரம் அணைக்காமல் விடுங்கள். பிறகு ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பல கணினிகளில் ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டுவிடும். ரீஸ்டார்ட்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்தும் சூடு குறையவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘சி.பி.யு.’ என்ற தலைப்பைத் தொட்டால், அதிகம் உழைக்க வைக்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நோய் எதுவென்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவியின் அத்தா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் “பிராசசர் போச்சு” என்று சொல்லிவிட்டார்களாம். நம் பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள். வாங்கும்போதே வந்த ஒரு ஆன்டிவைரஸும், பிறகு போட்ட இன்னொன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. இரண்டையும் நீக்கியதும், விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே காவலுக்கு நின்றது. காற்று வெளியேறும் துவாரம் தூசியால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்த கூலி மட்டுமே செலவு. அந்தப் பெண் அதே லேப்டாப்பில்தான் புராஜெக்ட் எழுதி முடித்தார், அல்ஹம்துலில்லாஹ்.

டிரைவரும் ஒரு முக்கியக் காரணம். பழைய விண்டோஸுக்கு எழுதிய டிஸ்ப்ளே டிரைவர் சில நேரம் புதியதில் சரியாக ஒத்துழைக்காமல் போகலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். டாஸ்க் மேனேஜரில் அறிமுகமில்லாத பெயர் எப்போதும் மேலே நின்றால், “இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறோம்” என்று யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு சாஃப்ட்வேரைச் சந்தேகப்படுங்கள். அவற்றோடு ஒளிந்து வருகிற சில புரோகிராம்கள், நம் கரண்டிலும் நம் கணினியிலும் வேறொருவருக்காக கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கின்றன. இலவசம் என்று வந்தது நம் பிள்ளையின் லேப்டாப்பையே தின்றுவிடும்.

காற்றையும் மறக்க வேண்டாம். நம் செட்டிநாட்டு வீடுகளில் முற்றமும் எதிரெதிர் வாசல்களும் எதற்கு? சூடு வெளியேறத்தானே. லேப்டாப்புக்கும் அடியிலும் பக்கத்திலும் அப்படிச் சிறு வாசல்கள் உண்டு. மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அவை அடைபட்டுவிடும். சூடு எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் சூடும் மந்தமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அன்றே சர்வீஸுக்குக் கொடுங்கள்.

சில லேப்டாப்களுக்கு விண்டோஸ் 11 பொருந்தவே பொருந்தாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர், 4 ஜி.பி. ராம், டி.பி.எம். 2.0 வேண்டும். 2011 முதல் அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப்களில் பழையவை இந்த அளவுக்கு வராது. குறுக்குவழியில் ஏற்றிக் கொடுப்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஏற்றிவிட்டிருந்தால், பொதுவாக 10 நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். அதற்கு முன் பாடங்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10க்கு நீட்டிப்புப் பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அதற்குப் பதிந்துகொள்ள வேண்டும். மிகப் பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த அரசு லேப்டாப்கள் பலவற்றில் முன்பே இருந்ததுதான். தமிழும் அதில் தட்டலாம். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே பல கணினிகள் சுறுசுறுப்பாகும். அது புதியது வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவு.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? கல்வி நிதி உங்கள் அமானிதம். தூசி தட்டினால் ஓடுகிற லேப்டாப்புக்குப் பதில் புதிது கொடுத்தால், லேப்டாப்பே இல்லாத ஒரு பிள்ளையின் பங்கு போய்விடும். ஆகவே இனி மனுவோடு டாஸ்க் மேனேஜரின் படத்தையும் செல்போனில் எடுத்து வாருங்கள். ஞாயிறு அஸருக்குப் பின் நம் கல்லூரிப் பிள்ளைகள் அலுவலகத்தில் இருப்பார்கள்; கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வார்கள். உண்மையிலேயே பழுது என்றால், இன்ஷா அல்லாஹ், அறக்கட்டளை உங்களோடு நிற்கும்.

வஸ்ஸலாம்.