வாய் திறவாத அறிவு



திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பெருமைக்குரிய செய்தி! ஆனால், அதற்கு மதிப்புத் தேடித் தந்தவை அரமும் சுத்தியலும் மட்டுமல்ல. வாங்க வருபவன் பட்டறை வாயிலில் நிற்பான், "கள்ளச் சாவிக்குத் திறக்குமோ?" என்பான், தொழிலாளி பூட்டிக் காட்டுவார், விளக்குவார், விலை படியும். கைத்திறனுக்குத் துணையாக வாய்ச்சொல் நின்றது!

இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் கணினி முன் அமர்ந்து, கடல் கடந்த நிறுவனங்களுக்கு உழைக்கின்றனர். வாங்குபவன் எதிரே இல்லை. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் 9½ மணி, குளிர்காலத்தில் 10½ மணி நேர வேறுபாடு. இவன் வீடு திரும்பும் வேளையில் அவன் அலுவலகம் புகுகிறான். நடுவிலே மேலாளர், அவருக்கும் ஒரு மேலாளர்!

அறிவு இருந்தால் போதாதா என்பீர்கள். போதாது!

1990-களின் இறுதியில், ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் தடுமாறும் என மேலைநாடுகள் அஞ்சின. திருத்தும் பணியில் பெரும்பங்கு இந்தியா வந்தது. ஏன்? இன்னது செய்க என்று எழுதித் தரக்கூடிய வேலை அது! எழுதித் தந்ததைச் செய்பவனுக்கு மணிக்கணக்கில் கூலி. எழுதியது சரிதானா என்று கேட்பவனுக்கு ஆலோசகன் என்ற மதிப்பு. படிப்பு ஒன்று, விலையோ இரண்டு!

பேசாமை எத்தகைய கேடு தரும்? 1999 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கி அழிந்தது. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் நிரல் பவுண்டுக் கணக்கில் விடை தந்தது. வழிநடத்தியோர் அதை மெட்ரிக் அளவென்று கொண்டனர். பாதை பிசகுவதாக ஐயுற்றவர்கள் இருந்தார்கள். அந்த ஐயம் உரிய முறையில் முடிவெடுப்போர் செவியை எட்டவில்லை. ஒரே மொழி பேசுவோரிடையே இந்நிலை!

எனவே, ஆங்கிலம் தட்டுத் தடுமாறும் இளைஞனை ஏளனம் செய்யாதீர். "சரி ஐயா" என அவன் தலையாட்டுவது பல வேளைகளில் அறியாமையால் அல்ல, அச்சத்தால்! மேலாளர்களே, அவனைத் தமிழிலே கேளுங்கள். அவன் கண்டதை அவன் பெயராலேயே கடல் கடந்து அனுப்புங்கள். இளைஞனே, பிழை கண்டால் அன்றே எழுது, காரணம் காட்டு, விடை வரும்வரை கேள்!

1968-இல் வந்த இருமொழிக் கொள்கை தமிழையும் ஆங்கிலத்தையும் நம் கையில் தந்தது. ஒன்றில் சிந்திப்போம், மற்றொன்றில் எடுத்துரைப்போம். அறிந்தவன் பேசினால்தான் அறிவுக்கு விலை!