மூலிகைப் புகையும் வைத்தியர் மூச்சும்



பால்மரம் வெட்டித் தோள் பிடித்துக்கொண்டவர்களும், செம்பனைக் குலை தூக்கி இடுப்பு நொந்தவர்களும் சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொள்ளப் போய்வருவது நாம் அறிந்ததே. கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-இல் தொடங்கி, அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்தச் சிகிச்சை தரப்படுகிறது.

சில வைத்தியர்கள் ஊசியோடு நெருப்பையும் பயன்படுத்துவார்கள். சீன மொழியில் அந்த வைத்தியத்தின் பெயரே ‘ஊசியும் சூடும்’ என்று பொருள்படும். நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப் போல் சுற்றிக் கொளுத்துகிறார்கள். மோக்ஸா என்பது அதன் பெயர். கனியும் நுனியை உடம்புக்குச் சற்று மேலே பிடித்துச் சூடு காட்டுவார்கள்.

படுத்திருக்கும் நோயாளி கால் மணியோ அரை மணியோ அந்தப் புகையைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்புகிறார். வைத்தியரும் அவருக்கு உதவியாக நிற்கும் பெண்ணும் காலை முதல் மாலை வரை அதே அறையில் இருக்கிறார்கள். பட்டணத்துக் கிளினிக்குகளில் உதவியாளராக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மணமுள்ள புகை நல்ல புகை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். குழந்தையைக் குளிப்பாட்டியவுடன் சாம்பிராணி போடுகிறோமல்லவா! ஆனால் நுரையீரலுக்கு மணம் தெரியாது. மோக்ஸா கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனிகிறது. முழுமையாக எரியாத எந்தப் பொருளும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவையும் மிக நுண்ணிய துகள்களையும் வெளிவிடும். அத்துகள்கள் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்குகூட இல்லாதவை. ஆகவே மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடுகின்றன. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல் ஆகியவை முதலில் தெரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு அதிகமாகும். அடைத்த அறையில் தலைவலியும் தலைச்சுற்றலும் வந்தால் நச்சுவாயுவைச் சந்தேகிக்க வேண்டும்.

சீனாவில் சில சிகிச்சை அறைகளில் அளந்து பார்த்தபோது நுண்துகள்கள் வரம்பைத் தாண்டியிருந்தன. பிரிட்டனில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றோ, வழக்கமான பயன்பாட்டில் நச்சுவாயு ஆபத்தான அளவை எட்டவில்லை என்றது. எத்தனை சுருட்டு எரிகிறது, அறை எவ்வளவு பெரியது, காற்றோட்டம் எப்படி என்பவற்றைப் பொறுத்து அளவு மாறும். எனவே வைத்தியத்தைக் குறை சொல்வதைவிட அறையைக் கவனிப்பதே பயன் தரும் என்பது நம் கருத்து.

சுவரில் மாட்டிய ஏர்கண்டிஷன் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. புகையை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். அது படுக்கைக்குப் பக்கத்திலேயே புகையை இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சிகிச்சை முடிந்த சுருட்டைச் சாம்பல் தட்டில் புகையவிடாமல் மணலில் குத்தி அணைத்துவிட வேண்டும். ‘புகையில்லா மோக்ஸா’ என்று கரியாக்கி விற்பதில் புகை குறைவு. ஆனால் கரி கனிந்தாலும் நச்சுவாயு உண்டு. சாதாரணத் துணி முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துள்ளது. ஆகவே சிறிய கிளினிக்கில் வேலை செய்பவரும் விசிறி வேண்டும் என்று முதலாளியிடம் தயங்காமல் கேட்கலாம்.

இருமல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் போகும்போது, “எனக்குப் புகையுள்ள அறையில் வேலை” என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விடுமுறை நாளில் இருமல் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்று இரண்டு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு போனால், காரணத்தைக் கண்டுபிடிக்க அது டாக்டருக்கு மிகவும் உதவும்.