நூல் நம்முடையது, கூலி எங்கே?

தோழர்களே! ஒன்றரை ஷிப்டு முடித்து, டிபன் பையோடு நேராக மைதானத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே!

"ஆர்டர் இல்லை, திங்கட்கிழமை வந்து பாருங்க." இந்த வார்த்தையைக் கேட்காத டைலர் திருப்பூரில் உண்டா? அந்த ஆர்டர் எங்கே போனது? கடைவீதியில் தொங்கும் டீ-சர்ட்டின் கழுத்து லேபிளைத் திருப்பிப் பாருங்கள். விற்கிறவன் இந்தியன், போடுகிறவன் இந்தியன். தைத்தது வங்கதேசத்தில்!

இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு வங்கதேசம். இங்கே நூற்ற நூல் கப்பலேறிப் போகிறது. சட்டையாகத் திரும்பி வருகிறது. இடையில் இருக்கிற கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் அத்தனையும் நம் வயிற்றுப்பாடு!

"இங்கே கட்டுப்படியாகவில்லை" என்கிறார்கள் பிராண்டுக்காரர்கள். கூலி குறைந்த ஊருக்குப் போனீர்களே, கடையில் சட்டை விலையைக் குறைத்தீர்களா? மிச்சம் யார் பையில்?

அங்கே தைக்கும் பெண் நமக்கு எதிரியல்ல. அவளுடைய குறைந்தபட்ச மாதக் கூலி, 2023 டிசம்பரில் உயர்த்திய பிறகும், 12,500 டாக்கா. நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தொடாது. 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தின் சாவர் ஊரில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம். முதல் நாளே விரிசல் தெரிந்தது. மறுநாளும் "உள்ளே போ" என்றார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் புதைந்தார்கள். உயிர் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறது இந்த ஆர்டர்!

வழி திறந்தது யார்? 2011 செப்டம்பரில் டாக்கா போன பிரதமர் மன்மோகன் சிங் 46 ஜவுளி இனங்களுக்குச் சுங்கவரியை நீக்கினார். 2025 மே மாதம் மோடி அரசு ஆயத்த ஆடைகளுக்குத் தரைவழியை அடைத்தது. ஆனால் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக வரலாம் என்றது. வழிதான் சுற்றியது, வரி வரவில்லை!

ஏழை நாட்டுக்குக் கொடுத்த சலுகையை நாம் பிடுங்கச் சொல்லவில்லை. இந்தியாவில் விற்பதற்காக வெளியே தைத்து வாங்கும் இந்திய பிராண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று சட்டம் போடு என்கிறோம்!

1984இல் பஞ்சப்படிக்காக இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அன்றைக்கு மிசினை நிறுத்தியவர்கள் நாம். இன்றைக்கு நிறுத்துகிறவர்கள் பிராண்டுக்காரர்கள்; மிசினை ஓட்டு என்று கேட்பவர்கள் நாம்!

நாளைக் காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுவோம். வீட்டில் இருக்கும் சட்டைகளைப் புரட்டுங்கள். வெளியே தைத்ததென்று தெரிந்தால் லேபிளை வெட்டி எடுத்து வாருங்கள். பக்கம் பக்கமாக மனு எழுத வேண்டாம். அந்த லேபிள்களைக் கலெக்டர் மேசையில் கொட்டுவோம். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்!