முயல் வளர்ப்பில் இலாபம்: இனமும் தீனியும்

(தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)

தோட்ட வேலை முடிந்தபின் வீட்டின் பின்புறத்தில் முயல் வளர்த்துச் சிறிது வருமானம் தேட முனைவோர் பலர். அவர்களுள் ஒரு குடும்பத்தாரை நாம் சந்தித்தோம். சீட்டுப் பணத்தைக் கொண்டு நியூசிலாந்து வெள்ளை முயல்களை வாங்கியிருந்தனர். குட்டிகளுக்கு வேலியோரப் புல்லை மட்டுமே இட்டனர். நான்கு மாதம் கடந்தும் ஒரு குட்டிகூட 2 கிலோவை எட்டவில்லை. இனத்தில் ஏமாந்துவிட்டோம் என்று வருந்தினர். குறை இனத்தில் இல்லை, தீனியில் இருந்தது.

நியூசிலாந்து வெள்ளை, பெயர் எவ்வாறிருப்பினும், அமெரிக்காவில் உருவான இறைச்சி இனம். வளர்ந்த முயல் 4 முதல் 5 கிலோ இருக்கும். கலிபோர்னிய இனம் சற்றுச் சிறியது. சாதாரணக் கலப்பு முயல்கள் பெரும்பாலும் அவ்வளவு பெருப்பதில்லை. வளர்ச்சியின் எல்லையை இனம் வகுக்கிறது. அவ்வெல்லையை எட்டச் செய்வது தீனியிலுள்ள சக்தி.

வளரும் குட்டிக்கு ஒரு கிலோ தீனியில் ஏறத்தாழ 2,500 கிலோகலோரி செரிக்கத்தக்க சக்தியும், 16 விழுக்காடு புரதமும் தேவை. சக்தி சிறிது குறைந்தால் முயல் கூடுதலாகத் தின்று ஈடு செய்யும். மிகவும் குறைந்தால் அதன் வயிறு இடங்கொடாது. பச்சைப் புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே. எனவே வயிறு நிறைந்தும் குட்டி வளர்வதில்லை. நம் நாட்டு வெப்பமும் தீனி உண்பதைக் குறைக்கிறது. கூண்டுக்கு நிழலும் காற்றோட்டமும், முயலுக்கு எந்நேரமும் குடிநீரும் வேண்டும்.

அதற்காகச் சோற்றையும் ரொட்டியையும் அள்ளிப் போடுதல் பெருந்தவறு. மாவுச்சத்து மிகுந்து நார்ச்சத்து குறைந்தால், தாய்ப்பால் மறந்த குட்டிகள் கழிச்சல் கண்டு மடியும். கடையில் கிடைக்கும் முயல் தீனியை அளவாகக் கொடுத்து, புல்லையும் சர்க்கரைவள்ளிக் கொடியையும் துணையாகக் கொள்ளலாம். தீனியை மாற்றுவதாயின் ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுக. களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லை ஒருபோதும் அறுக்காதீர்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 600 கிராம் குட்டியை 2 கிலோவாக்க 1.4 கிலோ வளர்ச்சி வேண்டும். நல்ல இனத்துக்குச் சரியான தீனி கொடுத்து, ஒரு கிலோ வளர்ச்சிக்கு 3.5 கிலோ தீனி செலவாகிறது என்று கொள்வோம், மொத்தம் 4.9 கிலோ. வளர்ச்சி மந்தமாகி, கிலோவுக்கு 5 கிலோ தீனி தேவைப்பட்டால் 7 கிலோ. தீனி கிலோ 2 வெள்ளி எனில், முன்னதற்கு 9 வெள்ளி 80 காசு. பின்னதற்கு 14 வெள்ளி. ஒரு குட்டியில் 4 வெள்ளி 20 காசு வேறுபாடு! முயல் வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீனிக்கே ஆவதால், இலாபமும் நட்டமும் இங்கேயே முடிவாகின்றன.

ஆகவே, முதலில் தீனிக்கு வழி செய்யுங்கள். பிறகு இனம் தேடுங்கள். வாரம் ஒருமுறை குட்டியைத் தராசில் நிறுத்து, எடையையும் தீனிச் செலவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். அந்தக் கணக்கைப் படிக்கும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கொடுங்கள். உழைத்துச் சேர்த்த பணம் வீண்போகாமல் காக்க அதுவே நல்ல வழி.