வேலை செய்ய ஓர் இடம்: வீடா, வாடகை மேசையா?



தோட்டத்து வாழ்க்கையில் வேலை வேறு, வீடு வேறு. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து, மரம் வெட்டி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். இதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். இன்றோ நம் பிள்ளைகள் பலர் கணினியில் வேலை செய்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அலுவலக வேலை வீட்டுக்குள் நுழைந்தது. ஆணை நீங்கிய பின்னரும் சிலருக்கு அது வீட்டிலேயே நிலைத்துவிட்டது.

இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இப்போது எழும் கேள்வி இதுதான்: வீட்டிலிருந்தே வேலையைப் பார்ப்பதா, பட்டணத்தில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதா?

வாடகை மேசை என்பது என்ன? பெரிய கூடம் ஒன்றில் மேசை, நாற்காலி, மின்சாரம், வேகமான இணையம் எல்லாம் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் தனியாகத் தொழில் செய்வோரும் அங்கே அருகருகே அமர்ந்து வேலை செய்வார்கள். நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கட்டணம் செலுத்த வேண்டும். இதைக் கோவர்க்கிங் என்கிறார்கள். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்பவர் இப்பெயரில் ஓர் இடத்தைத் தொடங்கினார். இன்று கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற நகரங்களில் இத்தகைய கூடங்கள் இருக்கின்றன.

முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து பட்டணம் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40. மாதத்தில் 22 நாள் சென்றால் 880 கிலோமீட்டர். மேசை வாடகையோடு மோட்டார் சைக்கிள் எண்ணெய், பகல் சாப்பாடு, சாலையில் கழியும் நேரம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பெரும் பங்கு இதற்கே போய்விடுமானால் வீடுதான் இலாபம் என்று தோன்றும்.

ஆனால், வீட்டுக்கும் ஒரு விலை உண்டு. அது பணமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. மகள் மடிக்கணினியின் முன் அமர்ந்து ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள். பாட்டி வந்து, "வீட்லதானே இருக்கே, இந்த உலையைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்பார். தம்பி தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பான். அக்கா குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. எனினும், கணக்கில் பிழை வந்தால் முதலாளி உலையையோ குழந்தையையோ கேட்கப்போவதில்லை, மகளைத்தான் கேட்பார். இப்படியே போனால் அவள் வேலைக்கே ஆபத்து வரலாம்.

நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை எதற்காக இருந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு மரம் வெட்ட முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே, தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கப்பட்டார். கணினி வேலைக்கும் இதே நியாயம் பொருந்தும். கத்தியும் வாளியும் கையில் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

இனி, சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வோம். திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் உள்ள தொழிலாளி, வேலை நேரம், வேலை நாள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி முதலாளிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும், வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுதிக் கொடுப்பது நல்லது.

வீட்டுக்கும் வாடகை மேசைக்கும் இடையே மூன்றாவது வழியும் உண்டு. முன்பு பெடி என்று அழைக்கப்பட்டு இப்போது நாடி என்ற பெயரில் இயங்கும் அரசாங்க இணைய மையங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. பொது நூலகங்களும் கிராம நூலகங்களும் உள்ளன. பக்கத்தில் எது இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும், இணையம் எப்படி என்பதை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரலாம். ஆனால், தொலைபேசியில் ஓயாமல் பேச வேண்டிய வேலைக்கும், பிறர் பார்க்கக்கூடாத கணக்குகளுக்கும் பொது இடம் ஏற்றதாகாது.

ஆகவே, முடிவு செய்யுமுன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் இணையம் அறுந்து போகாமல் கிடைக்கிறதா? வேலை நேரம் முழுவதும் ஒரு மேசையையும் ஒரு மூலையையும் அவருக்கென்றே விட்டுக்கொடுக்க நம்மால் முடியுமா? அந்நேரத்தில் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் வீடே போதும். வேலை நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வேலை முடியும் நேரத்தையும் அதில் மறவாமல் எழுதுங்கள்; இரவு வரை கணினியின் முன் கிடப்பதும் நல்லதன்று. நல்ல பதில் இல்லையென்றால், வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே சென்று வேலை செய்ய வழிசெய்யுங்கள். அந்தச் செலவை வீண் என்று எண்ண வேண்டாம். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் செலவு அது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்ற சொல்லை நம் வீடுகளில் இனிச் சொல்லாதிருப்போம். அவள் வேலையில் இருக்கிறாள்.